வலது மூலை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வெயில், பயிற்சி அறையின் திரை இடுக்கு வழியே மேசைமேல் நீளமாக விழுந்து கிடக்கிறது. வாய்ச்சாலகத்தாலேயே ஷாம்பு விற்றுவிடும் பதினொரு மார்க்கெட்டிங்காரர்கள், இப்போது வாயே திறக்காமல், மெழுகு வண்ணக்குச்சியால் தாங்கள் வளர்ந்த வீட்டை வரைந்துகொண்டிருக்கிறார்கள். குச்சிகள் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. பயிற்சி நடத்தும் பெண் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்து நகர்கிறாள். நரைத்த மீசைக்காரரான மேலாளர், ஓட்டுவீட்டையும் கொடியில் காயும் அக்காவின் பள்ளிச் சீருடையையும் வரைந்து முடித்துவிட்டார். கீழே வலது மூலை மட்டும் வெள்ளையாக இருக்கிறது. "அங்க என்ன சார் வரப்போகுது?" என்று அவள் குனிந்து கேட்கிறாள். "கம்பெனி லோகோவுக்கு எடம் விட்டிருக்கேம்மா," என்கிறார், விளம்பரம் தயாரித்த பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. சிரிக்க வாய் திறந்தவர்கள் தங்கள் தாளைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறார்கள். பதினொரு வீட்டிலும் அதே மூலை காலியாக இருக்கிறது. மேலாளர் நீலக் குச்சியை விரல்களுக்கிடையில் உருட்டுகிறார். "முன்னெல்லாம் இந்த எடத்துல வேற ஒண்ணு எழுதுவோம்ல," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்கிறார். பிறகு நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதுகிறார். அதற்குக் கீழே, ஐந்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.