சங்கீதம் மட்டும்

"சங்கீதம் தவிர வேறு பேச்சு கூடாது" என்று குழுவுக்கு விதி வைத்தவரே சாரநாதன்தான். பழைய கச்சேரிப் பதிவுகளை அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து கேட்டு, சண்டை போட்டுக்கொள்ளும் குழு அது. ஒருவர் பேச்சு நின்றுபோனால், அவருடைய ரசனையையும் பிடிவாதத்தையும் கற்றுவைத்திருக்கும் இயந்திரம் அதே குரலில் தொடர்ந்து பேசும். குழுவில் இப்போது உயிரோடு இருப்பவர் சாரநாதன் ஒருவர்தான்.

காலையில் பைரவி ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. காபி எடுக்க எழுந்தவர் மிதியடி தடுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. போன் எட்டாத உயரத்தில், அலமாரிமேல் இருந்தது. குழுவோடு பேசவும் கேட்கவும் சுவரில் வைத்திருந்த ஸ்பீக்கர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"சபேசா, விழுந்துட்டேன்டா! என் பொண்ணுக்குச் சொல்லு!"

"ரூல் போட்டதே நீதானேடா. இங்க சங்கீதம் மட்டுந்தான்," என்றார் சபேசன். சபேசனுடைய சிதைக்குத் தீ வைத்தபோது சாரநாதன் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ரூலை எடுத்துட்டேன்டா! யாராவது கூப்பிடுங்கோ!"

"ஆலாபனைக்கு நடுவுல கத்தாதீங்கோ," என்றார் விசாலம் மாமி. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டவர்தான். "அந்த தைவதத்தைக் கேளுங்கோ, எப்படி அசைக்கறார் பாருங்கோ!"

கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிற்று. மதியத்துக்குமேல் அவரிடமிருந்து காற்றுதான் வந்தது.

சாயங்காலம் ஸ்பீக்கரில் சாரநாதனின் குரல் தெம்பாகக் கேட்டது.

"காலம்பற சரியாவே கேக்கலை. அந்த பைரவியை முதல்லேர்ந்து போடுங்கோ."

தரையில் கிடந்த சாரநாதனுக்கும் அது கேட்டது.