எல்லாருக்கும் ஒரே அண்டா

"யாரும் அவங்கவங்க வீட்ல தண்ணி காய்ச்ச வேண்டாம். நானே காய்ச்சித் தர்றேன். காலையில பாத்திரத்தோட வந்து வரிசையா வாங்கிட்டுப் போங்க."

வீட்டுக்காரம்மா மாடிப்படிக்குக் கீழே நின்று அறிவித்துவிட்டாள். மெயின் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம், மறு அறிவிப்பு வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவும் என்று கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸில் பசைகூட இன்னும் காயவில்லை.

அந்த வீட்டில் குடியிருந்தது மூன்று குடும்பம். முன்பக்கம் காலேஜ் வாத்தியார். பின்பக்கம் டைலர். மாடி அறையில் ஒரு பெண்ணும் அவளுடைய சின்ன மகளும்.

வாத்தியாருக்குத்தான் முதலில் சுருக்கென்றது.

"எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? எங்க வீட்ல ஃபில்டர் இருக்கு."

"ஃபில்டர் தண்ணியையும் கொதிக்க வைக்கணும்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நீங்கதான் படிச்சவராச்சே, படிச்சுப் பாருங்க."

"சரி, கொதிக்க வைக்கிறோம். எங்க வீட்லயும் அடுப்பு இருக்குல்ல?"

"நீங்க லேசா ஆவி வந்ததும் இறக்கி வச்சிருவீங்க. தளதளன்னு கொதி வந்தப்புறமும் முழுசா ஒரு நிமிஷம் விடணும். நாளைக்கு யாருக்காவது வயித்தால போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு அலையப்போறது யாரு? நான்தானே?"

டைலர் விவரமானவர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல், "சரிங்கக்கா" என்று நழுவிவிட்டார்.

மாடிப் பெண் மட்டும் படியிலேயே தயங்கி நின்றாள்.

"நான் மேலயே காய்ச்சிக்கிறேன்க்கா. நாங்க ரெண்டே பேருதானே."

"ரெண்டு பேருன்னா உனக்குத் தனிச் சட்டமா? பேசாம குடத்தை எடுத்துட்டு வா. பாப்பாவுக்குப் பல் தேய்க்கிறதுக்கும் இந்தத் தண்ணிதான், சொல்லிட்டேன்!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று வீட்டுக்காரருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் பரம சாது. மனைவியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

மறுநாளிலிருந்து தர்பார் ஆரம்பமானது. அண்டாவை அடுப்பில் ஏற்றி இறக்கும் வேலை முழுக்க வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. கரண்டியும் கையுமாக அதிகாரம் பண்ணுவது மட்டும் அம்மாவின் இலாகா.

"மூடி எங்கே? மூடி இல்லாத பாத்திரத்துக்குத் தண்ணி கிடையாது."

"வாத்தியாரே, ஃபிரிட்ஜில இருந்த ஐஸ் கட்டியைக் கொட்டியாச்சா? அதுவும் அந்தக் கெட்ட தண்ணியில உறைஞ்சதுதான்."

"ஏம்மா, வீட்டுக்குள்ள வந்து திறந்து பார்த்துடுங்களேன்!" என்றார் வாத்தியார்.

"வந்தாலும் வருவேன்!"

மாடிப் பெண் குடத்தை நிரப்பிக்கொண்டு தலையைக் குனிந்தபடி படியேறிப் போவாள்.

நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த வாத்தியார், ஒரு நாள் வீட்டுக்காரரை வாசல் கேட் பக்கத்தில் மடக்கினார்.

"சார், நான் வேற வீடு பார்க்கலாம்னு இருக்கேன். சொந்தமா அடுப்பு வச்சுக்கிட்டு வெந்நீருக்கு வரிசையில நிக்க என்னால முடியாது."

வீட்டுக்காரருக்குப் பகீரென்றது. வாத்தியார் சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேட்கிற மனிதர். இப்படி ஒரு குடித்தனக்காரர் இனிமேல் தேடினாலும் கிடைப்பாரா? விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"உனக்கு என்னதான் ஆச்சு? அவங்கவங்க வீட்ல காய்ச்சிக் குடிச்சா நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு? வாத்தியார் காலி பண்றேங்கிறார்!"

அவள் முதலில் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. மேல குக்கர் விசில் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு, கவனிச்சீங்களா?"

அவர் கவனிக்கவில்லை.

"அவ வேலை பார்த்த கடையை மூடிட்டாங்க. கேஸ் தீர்ந்துபோய், வேற வாங்க வழியில்லாம உக்காந்திருக்கா. பாப்பாதான் விளையாட்டா உளறிச்சு. பிரெட்டையும் பழத்தையும் வச்சு ஓட்டிக்கிட்டிருக்கா. ஒரு நாள் குழம்பு கொண்டு போனேன். இப்பத்தான் சாப்பிட்டோம்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா. அவ்வளவு ரோஷம்! இப்போ தண்ணிய எதுல காய்ச்சுவா, சொல்லுங்க. குழாயில வர்றதை அப்படியே பிடிச்சுத்தானே குழந்தைக்குக் கொடுப்பா?"

வீட்டுக்காரர் மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

"அவளுக்கு மட்டும் கொடுத்தா வாங்க மாட்டா. வாத்தியார் வரிசையில நின்னாத்தான் அவளும் நிப்பா. அதான் எல்லாரையும் நிக்க வச்சேன்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளை நாம் சரியாகப் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அண்டாவை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் குடிநீர் அலுவலகத்து ஆள் வந்து நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் போனார்.

"அப்பாடா! இனி அவங்கவங்க வீடு, அவங்கவங்க அடுப்பு!" என்று வாத்தியார் கையைத் தட்டினார். டைலரும் சிரித்தார். மாடிப் பெண் காலிக் குடத்தோடு மெல்லத் திரும்பினாள். வீட்டுக்காரம்மாவுக்கு அடுத்து என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

"எல்லாரும் நில்லுங்க!"

பரம சாதுவான வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவாசலுக்கு வந்தார்.

"நோட்டீஸைக் கிழிச்சிட்டா ஆச்சா? குழாய்ல நிக்கிற பழைய தண்ணிய எல்லாம் திறந்து விடணும். மாடித் தொட்டியைக் கழுவணும். நான் ஒரு ஆளு கழுவி முடிக்க ஒரு வாரமாவது ஆகும்."

"இந்தச் சின்னத் தொட்டிக்கா சார்?" என்றார் வாத்தியார்.

"ஆமா! அதுவரைக்கும் யார் வீட்லயும் அடுப்பு எரியக் கூடாது. மூணு வேளையும் எல்லாருக்கும் இங்கதான் சாப்பாடு. பிடிக்கலைன்னா நீங்க தாராளமா வேற வீடு பார்க்கலாம், வாத்தியாரே. ஆனா சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருங்க!"