பஸ்தியாம்பிள்ளையின் ஆட்டம்

“எனக்கு உந்த ஆமை போதும்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. திரையில் வரிசையாக நின்ற கார்ட்டூன் விலங்குகளில் ஆக மெதுவானதைத் தெரிவுசெய்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

சுகந்தனுக்குக் காது சூடாகியது. இவ்வளவுக்கா என்னை மட்டமாக நினைக்கிறார் என்ற ரோசத்தில், இருப்பதிலேயே வேகமான சிறுத்தையை எடுத்தான்.

பஸ்தியாம்பிள்ளை ஒரு காலத்தில் திருகோணமலை அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். அவருடைய ஊரான பாலையூற்றில் இதை யாரும் கேட்டு அறிந்ததில்லை. கேட்க முதலே அவர் சொல்லிவிடுவார்.

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு மைதானப் பக்கம் போக முடியாமல் இருந்தவருக்குக் கனடாவில் இருக்கிற மகன் டிவியில் பூட்டி இரண்டு பேர் விளையாடும் இந்தக் கேம் கருவியை அனுப்பியிருந்தான். அதில் பெரிய தலையும் குட்டைக் காலுமாக விலங்குகள் கூடைப்பந்து ஆடும். பந்து தீப்பிடிக்கும். கரடி கூரைக்கு மேலால் பாயும். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரையும் இருத்தி வைத்து அவர் விளையாடிப் பார்த்தார். ஒருவரும் வென்றதில்லை.

சிக்கல் அவருடைய வாயால் வந்தது. மாதா கோயில் திருநாள் சாப்பாட்டில் மனைவி மாகிரட்டின் அண்ணன் சூசைதாசன் மகள் ஜெசிகாவின் கலியாணக் கதையை எடுத்தார். “பந்து விளையாடத் தெரியாத ஒருத்தருக்கும் என்ரை மகளைக் கட்டிக்குடுக்க மாட்டன்,” என்று இவர் அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

சூசைதாசன் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் ஒரு பிரான்ஸ் மாப்பிள்ளை இருந்தார். அங்கே ஒரு கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவராம்.

ஜெசிகாவோ துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் வேலை பார்க்கும் சுகந்தனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சுகந்தன் தன் வாழ்நாளில் ஒரு பந்தையும் தொட்டவனல்ல.

“சொன்ன சொல்லை மாத்த ஏலாது,” என்றார் தகப்பன். “வேணுமெண்டா உந்தக் கேமில என்னை வெல்லட்டும். அதுவும் பந்துதான்.”

“ஓம், வெல்லட்டும் பாப்பம்,” என்று சிரித்த சூசைதாசன், இன்றைக்கு நடுவராக வந்து முன் கதிரையில் இருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. எஞ்சின் ஆணிகளைத் திருகிப் பழகிய சுகந்தனின் பெருவிரல் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அமத்தியது. சிறுத்தை பந்தைக் கீழே விட்டுவிட்டு வெறுங்கையோடு பாய்ந்தது. பிறகு தன் வாலிலேயே தடக்கி விழுந்தது. ஒருமுறை தன் பக்கத்துக் கூடைக்குள்ளேயே பந்தைப் போட்டது.

“சிவப்புப் பொத்தான், சிவப்பு,” என்று ஜெசிகா பின்னால் நின்று முணுமுணுத்தாள்.

பஸ்தியாம்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினார். ஆமை ஆறுதலாக நடந்து கூடைக்குக் கீழே போகும், எறியும், பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி வரும். மறுபடியும் போகும், மறுபடியும் திரும்பி வரும்.

“மச்சான் பொடியனுக்கு விளையாட்டுக் காட்டுறார்,” என்று சூசைதாசன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மாகிரட் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பஸ்தியாம்பிள்ளையின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. மகளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“அப்பா, கொஞ்சம் இரக்கம் பாருங்கோவன்.”

“நீ பேசாமல் இரு பிள்ளை.”

ஆட்டம் முடியப்போகிற நேரம் ஆமை ஒரு புள்ளி முன்னுக்கு நின்றது. சிறுத்தை எப்படியோ பந்தோடு கூடைக்குக் கீழே வந்துவிட்டது. மறிக்க வேண்டிய ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு படுத்துக்கிடந்தது. அந்த அலட்சியத்தைப் பார்த்து சுகந்தனுக்குக் கண் கலங்கியது.

“எறியுமன்,” என்று உறுமினார் பஸ்தியாம்பிள்ளை.

சுகந்தன் கண்ணை மூடிக்கொண்டு இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அமத்தினான். பந்து தீப்பிடித்து எழும்பியது. வளையத்தில் மோதி, கீழே விழுந்து, ஆமையின் முதுகில் பட்டுத் துள்ளி, கூடைக்குள் இறங்கியது.

ஜெசிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசைதாசன் திரையை இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பஸ்தியாம்பிள்ளை முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எழும்பினார். “சொன்ன சொல்லை மாத்த ஏலாது. வாற ஞாயிறு பூசை முடிய அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும், தம்பி.” அவர் நொண்டியபடி குசினிக்குள் போனார்.

படலை வரைக்கும் வழியனுப்ப வந்த ஜெசிகாவிடம் சுகந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். “கடைசியில அவருக்குக் கை நடுங்கினதைக் கண்டனீரோ?”

“கண்டனான்,” என்றாள் அவள் பெருமையாக.

குசினியில் பஸ்தியாம்பிள்ளை வாங்குப் பலகையில் சரிந்து கிடந்து பெருவிரலை உருவிக்கொண்டிருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மாகிரட்டுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தண்ணி வார்த்துக் கொடுத்தாள்.

“ஒரு கேம்தானே. மனசை விடாதேங்கோ. வயசு போனா ஆருக்கும் தோல்வி வரும்.”

அவர் ஒரே மூச்சில் தண்ணியைக் குடித்தார். சூசைதாசனின் மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தி தாண்டித் தேயும்வரை காத்திருந்தார்.

“உந்தப் பொடியனிட்டத் தோக்கிறதெண்டா லேசான வேலையெண்டே நினைச்சீர்?”