ஊதா வெளிச்சம் பட்ட தண்ணீர்

வசுமதி வீட்டுச் சமையலறைக் குழாயில், விரல் நீளத்துக்கு ஒரு எல்இடி விளக்குக் குழலை மாட்டி முடித்தான் மெக்கானிக் அந்தோணி. குழலில் இருந்த குட்டிக் கண்ணாடி வழியாக ஊதா வெளிச்சம் தெரிந்தது. அதைத் தாண்டி வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து அவளிடம் நீட்டினான்.

"குடிங்கக்கா. இனி கிருமி ஒண்ணும் பண்ணாது."

"செத்துப் போயிடுமா?"

"உடனே சாகாதுக்கா. இந்த வெளிச்சம் பட்டா அதால குட்டி போட முடியாது, அவ்வளவுதான். பெருகலைன்னா நமக்கு நோவு இல்ல பாருங்க."

அன்று காலையில்தான் டாக்டரம்மா வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைக்கான பதினோரு வருஷக் காத்திருப்பு அதோடு முடிந்தது. அவள் டம்ளரை உயர்த்திப் பார்த்தாள். அந்தத் தெளிவுக்குள் லட்சம் பேர், பெயர் வைக்க ஒரு பிள்ளை இல்லாமல், சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தார்கள்.

"அதுங்களுக்குச் சரியாகவே ஆகாதாப்பா?"

அந்தோணி சிரித்துவிட்டான். "என்னக்கா, கிருமிக்கு வக்காலத்து வாங்குறீங்க! வெயில்ல வெச்சா சிலது தானாத் தேறிக்கும். அதான் தண்ணிய மூடி வைக்கச் சொல்றோம்."

அவன் போனதும் டம்ளரோடு மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரின் மேல் அதை வைத்தாள். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் பொன்னாக அசைந்தது. கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த கணவன் சிவநேசன் பின்னாலேயே வந்து நின்றான்.

"வசு, கீழ வாம்மா."

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

அவன் நிழல் டம்ளரின் மேல் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவன் மெல்ல ஒதுங்கி நின்றான்.