முன்மொழிபவர்

முப்பதாவது தீர்மானத்துக்கு மேசைகளைத் தட்டி முடித்தார்கள்.

அடுத்தது அதுதான்.

அவள் கையிலிருந்த தாள் வியர்வையில் நனைந்திருந்தது. நகர்மன்ற உறுப்பினராகி ஒன்பது மாதம் ஆகிறது. இதுவரை எதையும் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பேச வேண்டும். பயமாக இருந்தது.

எழுத்தர் கோதண்டம் வாசிக்கத் தொடங்கினார். எதை வாசித்தாலும் அவருக்கு ஒரே வேகம்தான்.

"பதினேழாவது வார்டிலுள்ள நகராட்சிக் குப்பைக் கிடங்கை இருபது ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க..."

பதினேழு அவளுடைய வார்டு.

போன சித்திரையில் கிடங்கு பற்றி எரிந்தது. மதிலை ஒட்டி இருநூறு வீடுகள். நகராட்சித் தண்ணீர் லாரி யாரையும் கேட்காமல் உள்ளே போனதால் பிழைத்தன.

எல்லோர் மேசையிலும் இருந்த ஒப்பந்த நகலின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நகராட்சி வாகனம் எதுவும் உள்ளே நுழையக் கூடாது.

கடிதம் வரும்வரை தீ காத்திருக்குமா?

"முன்மொழிபவர்," கோதண்டம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பதினேழாவது வார்டு உறுப்பினர்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

எந்த வார்டில் வேலையோ, அந்த உறுப்பினர் பெயரில்தான் தீர்மானம் எழுதுவது வழக்கம். ரோடு, சாக்கடை, தெருவிளக்கு என்றால் எல்லோருக்கும் அதில் பெருமைதான். போன மாதம் சிமெண்ட் சாலைக்குத் தன் பெயரை வாசித்தபோது, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தவள்தான் அவளும்.

காலையில் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டு இருந்தது. கோதண்டம் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். அந்த அவசரத்தில் யார் படித்துப் பார்க்கிறார்கள்?

படித்த பெண் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவள். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மேசைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் எழுந்தாள்.

"என்னம்மா?" தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பஜ்ஜி வந்துவிட்டது.

'இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்.' தாளில் முதல் வரி அது. தானே முன்மொழிந்ததைத் தானே எதிர்த்தால் ஹாலே சிரிக்கும். சிரிக்காவிட்டாலும் அவள் ஒருத்தி. அந்தப் பக்கம் இருபத்தாறு பேர்.

தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"தலைவரே, இது என் தீர்மானம்னு இப்பத்தான் வாசிச்சாங்க."

"ஆமா."

"அத நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

தட்டல் ஓய்ந்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் காதில் போன் வைத்தபடி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்தார்.

அவள் கட்சிக்காரர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் உட்காரவில்லை.

தலைவர் எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"கோதண்டம், அப்படி முடியுமாய்யா?"

கோதண்டம் நோட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"முன்மொழிஞ்சவங்க கேட்டா நிறுத்தித்தான் ஆகணுங்கய்யா. வேற யாராச்சும் தன் பேர்ல முன்மொழியலாம்."

"அவ்வளவுதானே." தலைவர் முகம் தெளிந்தது. ஹாலைப் பார்த்துக் கேட்டார். "சரி, யார் பேர எழுதிக்கலாம்?"

யாரோ இருமினார்கள்.

பிறகு, உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒப்பந்த நகலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்கள்.