சாக்பீஸ் வட்டம்

சுழலும் தட்டில் ஒளி எப்படி ஓடும் என்று விளக்க, இயற்பியல் பேராசிரியர் தில்லைநாயகம் வகுப்பறைத் தரையில் பெரிய வட்டம் போட்டு அதன்மேல் நின்றார். இரண்டு மாணவிகள்தான் ஒளிக்கதிர்கள். அவரிடமிருந்து ஒன்றாகக் கிளம்பி, ஒரே வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்றி வந்து அவர் கையிலிருக்கும் சாக்பீஸைத் தொட வேண்டும். தட்டு சுழல்வதைப்போல அவரும் கோட்டின்மேல் மெல்ல நகர்ந்தார். எதிரே வந்த ஷர்மிளி சீக்கிரமே தொட்டுவிட்டாள். அவருக்குப் பின்னாலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு நேரமாயிற்று.

“லேட் பேச்சி!” வகுப்பே சிரித்தது.

அது பேராசிரியர் வைத்த பெயர். போன வாரம் தன் வசதிக்காகச் செய்முறைத் தேர்வை ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றியிருந்தார். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் அறிவித்த நேரத்துக்குச் சரியாக வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, அந்தப் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

பேச்சியம்மாள் சாக்பீஸைத் தொடாமல் நின்றாள்.

“நான் மெதுவா நடக்கல சார். நீங்கதான் தள்ளிப் போயிட்டே இருந்தீங்க.”

பலகையில் எழுத அவர் யோசித்து வைத்திருந்த விளக்கமே அதுதான். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி பேனாவைத் திறந்தாள்.

“இதான் ஆன்சரா சார்? எழுதிக்கவா?”