பக்கத்து வீட்டுக்காரர்

“பெரியவர் இல்லையா?” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார் கிதார் பார்க்க வந்த அம்மாள்.

“போன மாசம் தவறிட்டார் மேடம்,” என்றான் அவன். விளம்பரம் பார்த்து விசாரித்திருந்த அந்த அம்மாள் வருவதாகப் போனில் சொன்ன காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததால் குரல் பிசிறவில்லை.

“போன மாசமா?”

“ஆமா. திடீர்னு போயிட்டார்.”

அந்த அம்மாள் அவனையே ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

அப்பா அப்போது உள் அறையில், மதியச் சாப்பாடு முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. பக்கவாதத்தில் இடது கை விரல்கள் மடங்கிப்போனதிலிருந்து அப்பா கிதாரைத் தொடவில்லை. குடிபோகப்போகும் வீட்டிலோ ஓர் அறை குறைவு. “வித்துடலாமாப்பா?” என்று கேட்டபோது, “உன் இஷ்டம்” என்று சொன்னவர்தான், வாங்க வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஹோட்டல் சுவரில் மாட்டுவதற்காகக் கேட்டு வந்தவரிடம், “அதுக்கு ஒரு படத்தை வாங்கி மாட்டுங்க” என்றார். பழம்பொருள் சேர்க்கும் டாக்டர் கண்ணாடிப் பீரோவே தயார் செய்துவிட்டு வந்திருந்தார். அவரிடம் அப்பா ஒட்டுப்போட்ட விரிசலையும், உள்ளே பலகையைத் தாங்கும் கட்டை நெகிழ்ந்துபோனதையும் ஒன்று விடாமல் காட்டிக்கொடுத்தார். டாக்டர் காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அப்பா இருந்தால் பேச்சு வளரும், இல்லை என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடியும் என்று அவன் கணக்குப் போட்டான்.

பெட்டியைத் திறந்தான். வயலின் மாதிரி நடுவில் புடைத்த மேற்பலகை, இரண்டு பக்கமும் நெளிந்து இறங்கும் துவாரங்கள், தேன் நிறம். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். இந்த அம்மாள் கேட்கவில்லை. விரல் நேராக இடப்பக்கத் துவாரத்துக்குக் கீழே போய் விரிசல் மேல் நின்றது.

விவரமான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“கடைசியா எப்போ வாசிச்சார்?” என்று அவர் கேட்கவும், உள் அறைக் கதவு கிறீச்சிடவும் சரியாக இருந்தது. தோளில் துண்டோடு, இடது கையை மார்போடு அணைத்தபடி அப்பா வந்து நின்றார்.

அந்த அம்மாள் சட்டென்று எழுந்து நின்றார்.

“இவர்... பக்கத்து வீட்டுக்காரர்,” என்றான் அவன். “பின்வாசல் வழியா வந்திருப்பார்.”

சொன்ன பிறகுதான் காது மடல் சுட்டது. அப்பா அவனைப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் காப்பியடித்து மாட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறையில் நின்ற அன்றைக்குப் பார்த்தாரே, அதே பார்வை. அன்றைக்கும் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஆமாம்மா,” என்றார் அப்பா நிதானமாக. “பக்கத்து வீடுதான். பேச்சு சத்தம் கேட்டுச்சு, வந்தேன்.”

“உட்காருங்க. இந்த வீட்டுப் பெரியவரை உங்களுக்குப் பழக்கமா?”

“நல்லாவே.”

“எப்படி வாசிப்பார்?”

“சுமாராத்தான். ஆனா ஒருநாள் கூட விடமாட்டான்.”

“பையன்?”

அப்பா துண்டின் முனையைத் திருகினார். “தங்கமான பையன். அப்பனைக் கண்ணு மாதிரி பார்த்துக்கிட்டான்.”

அவனுக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் சுருதி சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். மெதுவான ஏதோ ஒரு மெட்டு. அந்த வீட்டில் வெகுகாலமாகக் கேட்காத சத்தம். அப்பாவின் மடங்கிய விரல்கள் மார்பின் மேல் ஒவ்வொன்றாக விரியப் பார்த்து, முடியாமல் அடங்கின.

“கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் சத்தம் கொஞ்சம் அமுங்கி இருக்கு,” என்றார் அவர், வாசிப்பை நிறுத்தி.

“சும்மா கிடந்ததில்லையா, அதான். வாசிக்க வாசிக்கத் திறந்துக்கும். வாசிக்கணும், அவ்வளவுதான்,” என்றார் அப்பா.

“தினமும் வாசிப்பேங்க.”

அப்பா தலையை ஆட்டினார். எழுந்து, வந்த வழியே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்வாசலுக்குப் போவது போல நடிக்கக்கூட இல்லை.

சொன்ன விலைக்கே பேச்சு முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் கார் வரை கூடவே போனான். பின் சீட்டில் வைத்த பிறகும் அவன் கை பிடியை விடவில்லை.

“மேடம், மனசு கேக்கலை. உள்ளே இருந்தாரே, அவர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அவர்தான் எங்கப்பா.”

அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

“உயிரோட இருக்கிற மனுஷனைச் செத்துட்டார்னு சொல்லிட்டேன். அவருக்கு இதை விக்கவே இஷ்டமில்லை மேடம். இருக்கார்னு தெரிஞ்சா பேசியே உங்களையும் திருப்பி அனுப்பிடுவாரோன்னுதான்...”

அவர் கார் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“நேத்து போன் பண்ணி, வந்து வாங்கிட்டுப் போம்மான்னு என்னைக் கூப்பிட்டதே உங்கப்பாதான் தம்பி.”